ஐம்பத்தேழு தட்டுகள்

கிரேக்க நாடு எவ்வளவு தூரம் என்று முகுந்தனைக் கேட்டால், போர்ட் கிள்ளான் படகுத்துறையிலிருந்து இருபது அடி என்பான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அவன் அதைக் கண்ணாலேயே பார்த்தான். போன வாரம்வரை தீவுக்கு ஐஸ்கட்டி ஏற்றிப்போய்க் கருவாடு ஏற்றி வந்த படகு. இப்போது இரண்டு பக்கமும் போலிஸ்டைரின் தூண்கள், கூரையில் பிளாஸ்டிக் திராட்சைக் குலைகள், ஏறும் இடத்தில் மூக்கு உடைந்த ஒரு பெண் சிலை. அந்த மூக்கு ஷா ஆலாம் பக்கத்தில் லோரி திடீரென்று பிரேக் போட்டதில் போனது. ஆனால் முந்தின நாள் விருந்துக்கு வந்தவர்கள் மூக்கில்லாத முகத்தைப் பார்த்துத்தான் இது அசல் கிரேக்கம் என்று நம்பினார்களாம்.

முகுந்தன் காரை நிறுத்திவிட்டு, அன்று காலை பெட்டாலிங் ஸ்திரீட்டில் வாங்கிய பழுப்புத் தொப்பியைத் தலையில் சரிசெய்துகொண்டான். துப்பறிகிறவன் என்றால் பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது அவன் கொள்கை. ஆறு வருடமாக நாச்சம்மை ஆச்சிக்கு உதவியாளனாக இருக்கிறான். ஒரு வழக்கைக்கூட அவன் முதலில் கண்டுபிடித்ததில்லை. பத்திரிகையில் ஒருமுறை படம் வந்தது. அதில் ஆச்சியின் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்த முழங்கை அவனுடையது. அதை வெட்டி எடுத்து வைத்திருக்கிறான்.

தொப்பியின் பெருமை நாற்பது அடி நீடித்தது. கார் நிறுத்துமிடத்தில் காசு வாங்குகிற ஆள் எதிரே வந்தான். அவன் தலையில் அதே பழுப்பு, அதே பட்டை, அதே தொப்பி. கூடுதலாக ஒரு சேவல் இறகு.

ஆச்சி முன்னால் போய்க்கொண்டிருந்தார். முகுந்தன் சத்தமில்லாமல் தொப்பியைக் கழற்றி ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பைக்குள் திணித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். காரில் விட்டு வரலாம்; ஆனால் அவன் காரின் பின் கண்ணாடி ஏறாது.

படகில் ஏறியதும் ஆச்சி திரும்பிப் பார்த்தார். "தொப்பி எங்கப்பா?"

"காத்துல போச்சு ஆச்சி."

படகின் கொடி, துவைத்துக் காயப்போட்ட துண்டு மாதிரி அசையாமல் தொங்கியது. ஆச்சி அதை ஒரு பார்வை பார்த்தார். எந்தப் பக்கமாகப் போனது என்று மட்டும் கேட்டார். முகுந்தன் சுமத்ரா இருக்கும் திசையைக் காட்டினான்.

நாச்சம்மை ஆச்சி இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் பொய் கேட்டே சம்பளம் வாங்கியவர். எரிந்துபோன கடையின் சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்துவிட்டு, இது பட்டுப்புடவை இல்லை, பழைய பேப்பர் என்று சொன்னவர். அன்றைக்குச் சாம்பலே வெட்கத்தில் சிவந்தது என்பது முகுந்தனின் சாட்சியம். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலைக்கடைக்கு மேலே சொந்தமாக அலுவலகம் வைத்திருக்கிறார்.

அந்த அலுவலகத்தின் படியில்தான் அன்று காலை ஏழு மணிக்கே தாமரை உட்கார்ந்திருந்தாள். கம்போங் மேடான் அடுக்குமாடியில் இருந்துகொண்டு, இரண்டு அண்டா ஒரு வேனை நம்பி விருந்துச் சமையல் செய்கிறவள். அவள் சொன்ன கதை இது.

கிள்ளானில் உஷாராணி, மாதவி என்று இரண்டு ஓர்ப்படிகள். அண்ணன் மனைவி உஷாராணி, தம்பி மனைவி மாதவி. பக்கத்துப் பக்கத்து வீடு. மாதவி தன் கல்யாண வெள்ளிவிழாவுக்குக் கிரேக்க நாடு போய்வந்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு படம் போட்டாள். உஷாராணி ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரல் காட்டினாள். இருநூற்றுப் பதினான்காவது விரலோடு அவள் பொறுமை முடிந்தது. தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கிரேக்கத்தையே கிள்ளானுக்கு வரவழைத்துவிட்டாள். நேற்று மாலை ஆறு மணிக்குப் படகு. எல்லோரும் வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவு. தாமரை பனீரை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கிரேக்கச் சீஸ் ஆக்கினாள். திராட்சை இலை கிடைக்காததால் வெற்றிலையில் சோறு வைத்துச் சுருட்டினாள். சாப்பிட்ட பெரியவர்கள் இரண்டு பேர் சுண்ணாம்பு கேட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, கிரேக்க வழக்கப்படி தட்டு உடைக்கும் நிகழ்ச்சி. அதன் நடுவில்தான் உஷாராணி கழுத்தைத் தொட்டுப் பார்த்து அலறினாள். கணவர் ராஜன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த வைர அட்டிகையைக் காணோம். விரிப்பில் குத்திய ஊசி சிக்குகிறதென்று கழற்றிக் கேபின் மேசையில் வைத்தாளாம். கேபினுக்குள் தட்டு எடுக்கப் போய்வந்தவள் தாமரை.

"படகுல இருக்கிற வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொல்லல ஆச்சி. வீட்டுக்குப் போனப்புறம்தான் போன் போட்டு நீதான் எடுத்தேன்னாங்க. குரூப்லயும் போட்டுட்டாங்க, தாமரை கேட்டரிங் ஜாக்கிரதைன்னு. காலையிலயே மூணு கல்யாணம் கேன்சல்."

சாயங்காலம் ஆறு மணிக்குள் அட்டிகை வராவிட்டால் போலீஸ் ரிப்போர்ட் என்று உஷாராணி கெடு வைத்திருந்தாள். பெயர் கெட்ட கையால் பரிமாறினால் பாயசமும் கசக்கும் என்று தாமரைக்குத் தெரியும். இன்னொன்றும் சொன்னாள். அட்டிகை காணோம் என்றதும் ராஜன் எல்லோரையும் சோதனை போடலாம் என்றாராம். தன் பைகளைத் தானே கவிழ்த்துக் காட்டியவள் தாமரை ஒருத்திதான். மற்ற அறுபது பேரும் முகம் வெளுத்துப்போய், எங்களையா சந்தேகப்படுகிறாய் என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் உஷாராணியே வேண்டாம் என்று தடுத்துவிட்டாள்.

இதைக் கேட்டபோது ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். ஆறு வருடமாக முகுந்தனும் ஒரு மூக்குக்கண்ணாடி வாங்க நினைக்கிறான்.

படகில் ஆச்சி கேபினைப் பார்ப்பார், மேசையைப் பார்ப்பார் என்று முகுந்தன் எதிர்பார்த்தான். அவர் நேராகக் குப்பைத் தொட்டியிடம் போனார். படகுக்காரர் அங்கிள் டான் வாளியைக் கொண்டுவந்து காட்டினார். தட்டு உடைக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொன்னதால் கூட்டுவதற்கு ஆள் வைத்திருந்தாராம். வந்த ஆள் கால் வாளி கூட்டிவிட்டு முழுக் கூலி வாங்கிப் போய்விட்டான். மலாயில் அவர் சொன்னதன் சாரம், பணக்காரர்களுக்குக் கையில் பலமில்லை என்பது.

ஆச்சி துண்டுகளைத் தரையில் கொட்டி, அடிப்பாகங்களை மட்டும் பொறுக்கி அடுக்கினார். மூன்று வட்டம் வந்தது.

"தாமரை எத்தனை தட்டு வாங்கினா?"

"பன்னிரண்டு தட்டுப் பெட்டி, அஞ்சு பெட்டி. அறுபது ஆச்சி."

"மூணு உடைஞ்சிருக்கு. மிச்சம் ஐம்பத்தேழு எங்க?"

படகில் ஒரு தட்டு கிடையாது. தாமரையின் வேனிலும் கிடையாது. அவள் பைகளைத்தான் எல்லோரும் பார்த்தார்களே. அட்டிகை போனது என்று அறுபது பேர் அழுதார்கள், ஐம்பத்தேழு தட்டு போனதற்கு ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. தட்டு நீந்தத் தெரிந்த ஜாதியோ என்னவோ என்றான் முகுந்தன். ஆச்சி சிரிக்கவில்லை. விருந்தினர் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார். விரல் குமுதா என்ற பெயரில் விழுந்தது.

குமுதா புக்கிட் திங்கியில் இருந்தாள். உஷாராணிக்குத் தூரத்து உறவு. ஆச்சி கதவருகிலேயே தாகமாக இருக்கிறது என்றார். தண்ணீர் எடுக்கக் குமுதா அடுக்களைக்குப் போனாள். பின்னாலேயே ஆச்சியும் போனார். கழுவிய பாத்திரக் கூடையில், நீலக் கோடு போட்ட இரண்டு வெள்ளைத் தட்டுகள் பளபளவென்று சாய்ந்திருந்தன.

"நல்ல தட்டு," என்றார் ஆச்சி.

குமுதாவின் கையிலிருந்த தண்ணீர் பாதி தரைக்குப் போனது. பிறகு அவள் அழாத குறையாகச் சொன்னாள். "புதுத் தட்டு ஆச்சி. ஒரு கீறல் இல்ல. அதைப் போய் எப்படி உடைக்கறது? நம்ம வீட்டுல ஒரு கிண்ணம் கைதவறி விழுந்தாலே மனசு ஒரு வாரம் அடிச்சுக்கும். நான் மட்டுமா எடுத்தேன், எல்லாருந்தான் எடுத்தாங்க."

முகுந்தனுக்கு நேற்றைய காட்சி கண்ணில் விரிந்தது. இசை முழங்குகிறது. உஷாராணி, உடையுங்கள் உடையுங்கள் என்று கூவுகிறாள். கிரேக்க உடையில் பெரிய வசதி, உள்ளே இரண்டு தட்டு இருந்தாலும் வெளியே தெரியாது. ராஜன் ஒன்றை உடைத்தார், ஒன்று கைதவறியது, ஒன்றை அங்கிள் டான் மிதித்தார். மற்றதெல்லாம் விரிப்புக்குள். அந்த நேரம் பார்த்துச் சோதனை போடலாம் என்றால் முகம் வெளுக்காமல் என்ன செய்யும்? படகை விட்டு இறங்கியபோது அறுபது கிரேக்கர்களும் 'கிளிங் கிளிங்' என்று நடந்து போயிருக்கிறார்கள்.

ரகசியம் உடைந்துவிட்டதால் குமுதாவுக்கு வாய் திறந்துகொண்டது. நான் எடுத்தது இரண்டே இரண்டு, அந்த மாதவி ஒரு பெட்டியையே டிரைவரை விட்டுத் தூக்கிக்கொண்டு போனாள், அவளைக் கேட்பார் இல்லை என்று பொருமினாள். இரண்டு எடுத்தவளுக்குப் பன்னிரண்டு எடுத்தவள் மேல் இருந்த ஆத்திரம், அட்டிகை எடுத்தவள் மேல்கூட இல்லை. நேற்று எடுத்த படங்களையும் முகுந்தனின் போனுக்கு அனுப்பிவைத்தாள்.

காரில் அவன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினான். ஆறு மணிக்கு முன் எடுத்தவற்றில் உஷாராணி படகின் வாசலில் நிற்கிறாள். கழுத்து முழுக்க அட்டிகை, அதற்காகவே விரிப்பைத் தோளுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறாள். அடுத்தது, கடைசி ஆளாக மாதவி ஏறும் படம். அதன் பிறகு எல்லாப் படத்திலும் உஷாராணியின் விரிப்பு தாடைவரை ஏறியிருக்கிறது. மற்றவர்கள் விசிறிக்கொண்டு வியர்வை துடைக்கிற சூட்டில், அவள் மட்டும் கேமரன் மலையில் நிற்கிறவள் மாதிரி போர்த்தியிருக்கிறாள். பின்னால் நாற்காலிகள் காலியாக இருக்க, ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

முகுந்தன் மாதவியின் படத்துக்குத் திரும்பிப்போய், விரலால் பெரிதாக்கினான். அவள் கழுத்தைப் பார்த்தான். கக்கத்தில் மஞ்சள் பை சுட்டது.

ஆறு வருடத்தில் முதல்முறையாக அவனுக்கு விடை முன்னால் தெரிந்துவிட்டது. பாம்பின் கால் பாம்பறியும். ஆனால் விடையைச் சொல்வதென்றால், எப்படித் தெரிந்தது என்றும் சொல்ல வேண்டும். அவன் போனை அணைத்துவிட்டு, வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னான்.

நாலரை மணிக்கு உஷாராணி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ராஜன் வெளியே போயிருந்தார். உஷாராணியின் கண்கள் வீங்கியிருந்தன. அது நடிப்பில்லை என்பது முகுந்தனைக் குழப்பியது. தாமரைதான் எடுத்தாள், அதில் சந்தேகமே இல்லை, ஆறு மணிக்கு ஸ்டேஷன் என்று அவள் அழுத்திச் சொன்னாள். படகில் ஏன் சோதனை வேண்டாம் என்றீர்கள் என்று ஆச்சி கேட்டார். சொந்தக்காரர்களை எப்படித் தடவிப் பார்ப்பது என்றாள். அப்போது தாமரையை ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்றதற்கு மின்விசிறியைப் பார்த்தாள்.

ஆச்சி சோபாவில் சாய்ந்துகொண்டார். "முகுந்தன் உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்னான்."

முகுந்தன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சியின் முகத்தைப் பார்த்தான். அங்கே ஒரு எழுத்தும் இல்லை. கம்போங் மேடானில் அணைந்து கிடக்கும் இரண்டு அடுப்புகளை நினைத்துக்கொண்டான். பிறகு மஞ்சள் பையைப் பிரித்து, நசுங்கிப்போன தொப்பியை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது என் தொப்பிக்கா. காலையிலதான் வாங்கினேன். படகுத்துறையில கார் பார்க் ஆளு அச்சு அசலா இதே தொப்பி போட்டிருந்தான். அவனுக்கு இறகு வேற. நான் கழட்டிப் பைக்குள்ள வெச்சுட்டு, ஆச்சிகிட்ட காத்துல போச்சுன்னேன். யாரும் திருடல, தொலையவும் இல்ல. இன்னொருத்தன்கிட்ட அதே இருந்துச்சு, அவ்வளவுதான். மாதவியக்கா கழுத்துலயும் அதே அட்டிகைதானே?"

உஷாராணி தொப்பியை ஒரு விரலால் தள்ளிவைத்தாள்.

"அவளுக்குக் கல்லு பெருசு," என்றாள் உஷாராணி.

அதற்குப் பிறகு அவளே கொட்டினாள். ராஜன் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அட்டிகை வாங்கப் போனபோது தம்பியும் கூடப் போயிருக்கிறார். அண்ணி கழுத்தில் புது அட்டிகை மின்ன, மாதவிக்கு வெறுங்கையோடு போனால் ஒரு மாதத்துக்கு வீட்டில் சோறு கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அதே பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்பிள்ளைகளும் பொண்டாட்டிகளிடம் மூச்சு விடவில்லை. மாதவி படகில் ஏறியதும் உஷாராணிக்குத் தன் பிறந்தநாளே தன் கையை விட்டுப் போனது போல இருந்தது. ஒரே மாதிரி அட்டிகையோடு அறுபது போனில் பதிவதைவிட, காணோம் என்று சொன்னால் நாலு பேர் அச்சச்சோ என்பார்கள். மறுநாள் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். கடைசித் தட்டுப் பெட்டிக்குள் அட்டிகையைச் செருகி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கேக் வெட்டக் கூப்பிட்டபோதுதான் எழுந்தாள்.

"அப்ப அட்டிகை இங்கதான் இருக்கு," என்றான் முகுந்தன், வெற்றியோடு.

"இருந்தா நான் ஏன் அழறேன்?" உஷாராணிக்குக் குரல் உடைந்தது. "வீட்டுக்கு வந்து பார்த்தா அந்தப் பெட்டியே இல்ல. சாமானெல்லாம் ஏத்தினது தாமரை. நான் பொய்யாத்தான் தொலைச்சேன் தம்பி. யாரோ நெசமாவே எடுத்துட்டாங்க."

முகுந்தன் தொப்பியை எடுத்து மறுபடி பைக்குள் வைத்தான். அவன் கண்டுபிடித்த விடை கால்வாசி தூரத்தில் நின்றுபோயிருந்தது. ஆச்சி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மாதவி வீட்டில் இருப்பாளா என்று கேட்டார். உஷாராணியும் கூடவே கிளம்பினாள்.

பெட்டி, மாதவியின் வீட்டில் இஸ்திரி மேசைக்குக் கீழே, இரண்டு தலையணை உறைகளைப் போர்த்திக்கொண்டு இருந்தது. மேலே ஒட்டிய டேப் பிரியவில்லை. மாதவி முதலில் அது பழைய புத்தகம் என்றாள். ஆச்சி குமுதாவின் பெயரைச் சொன்னதும் ஒப்புக்கொண்டாள்.

"அக்கா அதுமேல உக்காந்திருந்தாங்க. எல்லாத் தட்டையும் உடைங்கன்னு சொல்றவங்க, இந்தப் பெட்டிய மட்டும் தொட விடல. அப்ப அதுல நல்ல தட்டு இருக்கும்ல? அவங்க வீட்டுல மட்டும் இருக்கட்டுமா?" அட்டிகை காணோம் என்று கலவரமான பிறகு பெட்டியைப் பிரிக்கவும் பயம், திருப்பித் தரவும் பயம். அறுபது பேரில் ஒரு பெட்டி திருடியவள் அவள் ஒருத்திதான் என்று அவளுக்கே தெரியும்.

ஆச்சி பெட்டியின் பக்கவாட்டு மடிப்பில் கையை விட்டார். ஏழாவது தட்டுக்கும் எட்டாவது தட்டுக்கும் நடுவில், காகிதக் கைக்குட்டைக்குள் அட்டிகை இருந்தது. தட்டுகள் அதே இரண்டு ரிங்கிட் வெள்ளைத் தட்டு, நீலக் கோடு. மாதவிக்கு அது பெரிய அடி.

அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. உஷாராணி கேட்காமலே மாதவி தன் அட்டிகையை உள்ளேயிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்தாள். இரண்டு தலைகளும் குனிந்தன. உஷாராணி கற்களை மூன்று தடவை எண்ணினாள். மாதவி நான்கு தடவை. இருபத்தொன்று, இருபத்தொன்று. கல்லும் ஒரே அளவு. இருபத்தைந்து வருடத்தில் அந்த இரண்டு பேருக்கும் இப்படி ஓர் ஏமாற்றம் வந்ததில்லை.

மணி ஐந்து இருபது. ஆச்சி கைக்கடிகாரத்தைத் தட்டினார். குழுவில் தாமரையைத் திருடி என்று எழுதிய விரல்தான் இப்போது இல்லை என்று எழுத வேண்டும் என்றார். அட்டிகை கிடைத்துவிட்டது என்று மட்டும் போடுகிறேன் என்றாள் உஷாராணி. அது போதாது, தாமரையே பயந்து திருப்பிக் கொடுத்தாள் என்று ஊர் சொல்லும் என்றார் ஆச்சி. நடந்ததை நடந்தபடி எழுதினால் இரண்டு வீட்டு மானமும் போகும் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரே குரலில் அவர்கள் பேசியது அதுவே முதல்முறை.

ஆச்சி சொல்லச் சொல்ல உஷாராணி தட்டினாள். அட்டிகையை நானே தட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். அந்தப் பெட்டி மாதவி வீட்டில் பத்திரமாக இருந்தது. தாமரையின் கை அதில் படவே இல்லை. அவளைத் தவறாகச் சொன்னதற்கு நான் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். கீழே இரண்டு பெயரும் இருக்க வேண்டும் என்றார் ஆச்சி. யார் பெயர் முதலில் என்பதில் ஆறு நிமிடம் போயிற்று.

அனுப்பிய கையோடு உஷாராணி தாமரையைக் கூப்பிட்டு அழுதாள். அழுது முடித்து, தீபாவளி விருந்து உனக்குத்தான் தாமரை, எண்பது பேர் என்றாள். கேட்டுக்கொண்டிருந்த மாதவி தன் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள். நூற்றிருபது பேர் என்ற வார்த்தை சுவரைத் தாண்டி வந்தது. உஷாராணியின் முகம் மாறியது. அவள் மறுபடி போனைக் காதில் வைத்தாள்.

ஆச்சியும் முகுந்தனும் காருக்கு வருவதற்குள் தாமரையின் அழைப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்பும் கலந்த குரல். "ஆச்சி, நூத்தி ஐம்பதுக்கு வந்துட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூப்பிடறாங்க, யாரை முதல்ல எடுக்கறது?"

"யாரை வேணாலும் எடு. யாரை முதல்ல எடுத்தேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிராத."

கார் கிளம்பியது. முகுந்தன் ஃபெடரல் ஹைவே ஏறினான். பிறகு, எப்போது தெரியும் என்று கேட்டான்.

"கொடி ஆடலையே, அப்பவே," என்றார் ஆச்சி. "காத்து இல்லாம தொப்பி போகுமா? ஒருத்தன் கழட்டினாத்தான் போகும். ஏன் கழட்டினான்னு பாத்தேன், எதிர்ல இறகு வெச்ச ஆளு. மாதவியோட போட்டோவை நீ பெருசாக்கினப்ப உன் முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கையை நீட்டித் தொப்பியைக் கேட்டார். நசுங்கலை உள்ளங்கையால் நிமிர்த்தித் தன் தலையில் வைத்து, கார்க் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டார்.

முகுந்தனுக்கு வயிறு எரிந்தது. அவனைவிட ஆச்சிக்குத்தான் பொருத்தமாக இருந்தது.